கோவாவுக்கு நடுவுல கொத்தமல்லி

முட்டைக்கோவாவையும் கொத்தமல்லியையும் ஒரே பாத்தியில கலந்து நட்ட பொம்பளைய நான் அதுக்கு முன்ன பார்த்ததே இல்லைங்க. அதுவும் என் வீட்டுக்குப் பின்னாலயே, என் பொண்டாட்டியே அப்படி நட்டா எனக்கு எப்படி இருக்கும்? கந்தப்பளை பஜாருல விவசாய மருந்துக் கடை வச்சிருக்கிறவன் நான். எங்கப்பா தம்பையா தொறந்த கடை. விதை, உரம், பூச்சி மருந்து, மருந்தடிக்கிற டேங்க், எல்லாம் நம்மகிட்டதான். சுத்தி உள்ள தேயிலைத் தோட்டத்து ஆளுங்க லயத்து வீட்டுக்குப் பின்னால லீக்ஸ் போட்டாலும் சரி, கெரட் போட்டாலும் சரி, புழு வந்துட்டா "கஜேந்திரன் கடைக்குப் போ"ன்னுதான் சொல்லுவாங்க. அந்தக் கடைக்கு மேல் மாடியில குடியிருந்துக்கிட்டு, "என் தோட்டத்துல ஒரு சொட்டு மருந்து படக்கூடாது"ன்னு சொன்னா என் சீதாலெட்சுமி.

நான் கோவக்காரன். அதுல மறைக்க ஒண்ணுமில்ல. அன்னைக்கு சத்தம் போட்டேன். "ஊரே சிரிக்கும். மருந்துக் கடைக்காரன் வீட்டுக் கோவாவ புழு தின்னுதுன்னு பேசுவானுங்க"ன்னேன். அவ வாளியத் தூக்கிக்கிட்டு பீலிக்குத் தண்ணி புடிக்கப் போயிட்டா. சத்தம் போட்டேனே தவிர நான் தடுக்கல. தடுக்க எனக்கு யோக்கியதை இல்லைன்னு எனக்கே தெரியும்.

ஏன்னு சொல்லிடுறேன். கல்யாணமாகி பதினோரு வருஷம் கழிச்சு சீதா வயித்துல ஒரு பிள்ளை தங்குச்சு. போன ஆடி மாசம், ஏழாம் மாசத்துல, அசைவு நின்னு போச்சு. பொம்பளப் புள்ளை. ஆஸ்பத்திரியில நான் டாக்டர் ரூமுக்குள்ள போய் கேட்டேன். "சேர், கீழ மருந்துக் கடை, மேல வீடு. அந்த வாசத்தால இருக்குமா?"ன்னு. அவரு நல்ல மனுசன், யோசிச்சு, "அதனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது"ன்னாரு. கதவு பாதி தொறந்திருந்திச்சு. சீதா வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தா. கேட்டிருப்பா. கேட்டாளா இல்லையான்னு நானும் விசாரிக்கல, அவளும் சொல்லல.

அதுக்கு முன்ன எங்க கடைக் கல்லாவுல உக்காந்திருந்தது அவதான். சிரிச்ச மொகம். அவ இருந்தா வர்றவங்க அரைமணி நேரம் கதை பேசிட்டுப் போவாங்க. ஆடிக்குப் பொறவு அவ கீழ எறங்கி வரவே இல்ல. சோத்தப் பெசஞ்சு வச்சிட்டு கைய கழுவிடுவா. செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்குவா. அஞ்சு மாசம். நான் கோயிலுக்குக் கூட்டிப்போனேன், கொழும்புக்குக் கூட்டிப்போனேன், கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல.

அப்புறம் பொங்கல் முடிஞ்ச மறுநா காலையில கண்ண முழிச்சா, பக்கத்துல ஆளைக் காணோம். பதறிப்போயி பின்கதவத் தொறந்தேன். பனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையா கெடக்கு. அந்தக் குளிர்ல மம்பட்டிய வச்சு மண்ணைக் கொத்திக்கிட்டு நிக்கிறா. எனக்கு அழுகையே வந்திருச்சுங்க. மம்பட்டியால என் தலையில ஒரு போடு போட்டிருந்தாக்கூட சந்தோசமா வாங்கியிருப்பேன்.

அந்த சந்தோசத்துக்கு நடுவுலதான் அவ அந்த ஒரு சொட்டு மருந்துப் பேச்சைப் பேசினது. எனக்கு அது எப்படிக் கேட்டுச்சுன்னா, 'உன் மருந்து என் புள்ளையக் கொன்னுடுச்சு, இனிமே இதுலயும் கைய வைக்காத'ன்னு கேட்டுச்சு. அதனாலதான் சத்தம் போட்டேன். தப்பு நம்ம பக்கம் இருக்குமோன்னு பயம் இருந்தா வாய் தானா பெருசாகும் பாருங்க.

போன்ல வீடியோ பார்த்துப் பார்த்து அவளே படிச்சுக்கிட்டா. நாலு பாத்தி. கோவாக் கன்னு ரெண்டுக்கு நடுவுல கொத்தமல்லி, ஓரத்துல வெங்காயம். அடுத்த பாத்தியில சோளம், அது மேல போஞ்சிக் கொடி ஏறுது, கீழ பூசணி படர்ந்து மண்ணை மூடுது. சுத்திவர மஞ்ச செவ்வந்தி. பீலியோரமா புதினா. வெயில் காலம், மழை கெடையாது. காலையில கடும் பனி, பத்து மணிக்கெல்லாம் மண்டையப் பொளக்கிற வெயில். பாத்திரம் கழுவின தண்ணிய எல்லாம் சுமந்துக்கிட்டுப் போய் ஊத்தினா.

"கோவாவுல முட்டை வைக்கிற பூச்சி வாசம் புடிச்சுத்தான் வரும்ங்க. நடுவுல கொத்தமல்லி வாசம் அடிச்சா அதுக்கு எடம் தெரியாமப் போயிரும். கொத்தமல்லி பூத்துச்சுன்னா புழுவத் தின்னுற குளவி வரும்"னு ஒருநா சோறு போட்டுக்கிட்டே சொன்னா. ஆடிக்குப் பொறவு அவ எங்கிட்ட அவ்வளவு நீளமா பேசினது அன்னைக்குத்தான். அவ சொன்னதுல பாதியை நான் நம்பல. ஆனாலும், "அப்படியா? அப்புறம்?"னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.

கடைக்கு வர்றவங்களுக்கு இது போதாதா? லீக்ஸ் போடுற காளியாயி இருக்கே, தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவ, பஜாருக்கே கேக்குற வாய். ஒருநா கடை நெறைய ஆளு நிக்கிறப்ப, "மொதலாளி, ஒங்க வீட்டம்மாவே ஒங்ககிட்ட மருந்து வாங்க மாட்டேங்குறாங்களாம். நாங்க மட்டும் என்னாத்துக்கு வாங்கணும்?"னு கேட்டுப்புட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிக்கிறாப்ல பல்லைக் காட்டினேன். உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு.

மாசி கடைசியில வெயில் ஏறிச்சு. கோவா உருண்டை புடிக்க ஆரம்பிக்கிற நேரம். ஒரே வாரத்துல புழு வந்திருச்சு. சின்னப் பச்சைப் புழு, இலையச் சல்லடையாக்கிட்டுத்தான் போகும். சீதா விடிஞ்சதும் உக்காந்து ஒவ்வொண்ணா பொறுக்கி சிரட்டையில போட்டா. நாலு நா பொறுக்கினா. அஞ்சாவது நா காலையில அவ எழும்பல. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா.

"என்ன சீதா, புழு பொறுக்கலையா?"ன்னு கேட்டேன்.

"விடுங்க. என் கை பட்டா எதுவும் நெலைக்காது"ன்னா.

மறுபடியும் அந்த அஞ்சு மாசமா? ஐயோ, முடியாதுங்க. என்னால முடியவே முடியாது. அன்னைக்கு அவளுக்கு நுவரெலியாவுல கிளினிக். றுமைஸா கூடப் போறேன்னு சொன்னா. றுமைஸாங்கிறது பக்கத்து வீட்டுப் பொண்ணு, புடவைக்கடை ஸஃப்வானோட பெண்சாதி. படுத்தே கெடந்த மாசங்கள்ல சீதாவுக்கு வாய்க்கு ருசியா எதையாவது கொண்டாந்து ஊட்டாத கொறையா குடுத்தவ அவதான். ரெண்டு பேரையும் பஸ் ஏத்திவிட்டேன். கடைக் கதவைப் பாதி சாத்தினேன். இருக்கிறதுலயே வாசமில்லாத மருந்தா ஒரு போத்தலைத் தேடி எடுத்தேன். டேங்க்ல கலந்து முதுகுல மாட்டிக்கிட்டேன்.

இருவது நிமிசம்தான். இந்தக் கையால ஆயிரம் பேருக்கு அளவு சொல்லிக் குடுத்திருக்கேன், அன்னைக்குத்தான் திருட்டுத்தனமா அடிச்சேன். அடிச்சு முடிச்சு டேங்கைக் கழுவி வச்சிட்டு மறுபடி வந்து பார்த்தேன். செவ்வந்திக்குக் கீழ தேனீ ரெண்டு மூணு மல்லாந்து கெடந்துச்சு. புள்ளி போட்ட செவப்பு வண்டும் கெடந்துச்சு. எல்லாத்தையும் கூட்டி அள்ளிக் குழியில போட்டு மூடினேன். கணக்கும் போட்டேன். போத்தல்லயே மூணு பாஷையிலயும் போட்டிருக்கு, அடிச்சு பதினாலு நாளைக்குப் பறிக்கக் கூடாதுன்னு. கோவா முத்த இன்னும் மூணு வாரமாவது ஆகும். போஞ்சி இப்பத்தான் பூ. சரி, யாருக்கும் ஒரு கெடுதலும் வராது, அவளுக்குத் தெரியவும் போறதில்லைன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

ரெண்டு நா கழிச்சுத் தோட்டத்துப் பக்கமா எட்டிப் பார்த்திருக்கா. "ஏங்க! ஏங்க! இங்க வாங்க!"ன்னு ஒரு சத்தம். கடையில ஆளை விட்டுட்டு ஓடினேன். "பாருங்க, ஒரு புழு இல்ல. கொத்தமல்லி வேலை செஞ்சிருச்சுங்க. நான்தான் பொறுமை இல்லாம படுத்துட்டேன்"னு சொல்லிக் கைகொட்டிச் சிரிக்கிறா. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாசம்! அன்னைக்கு ரெண்டாந்தரம் சோறு வாங்கித் தின்னா. மறுநா கீழ கடைக்கே எறங்கி வந்துட்டா. காளியாயியப் பார்த்து, "என் கோவாவ வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க"ன்னு சவால் விட்டா. காளியாயி என்னைப் பார்த்துக் கண்ணடிச்சா. நான் பில் புத்தகத்துக்குள்ள தலையக் கவுத்துக்கிட்டேன்.

அப்ப நோன்பு மாசம். மருந்து அடிச்சு அஞ்சாவது நா, சாயங்காலம் அஞ்சரை இருக்கும், தேத்தண்ணி குடிக்க மேல ஏறினேன். மேசையில நோன்புக் கஞ்சி ஆவி பறந்துக்கிட்டிருக்கு. றுமைஸா வருஷா வருஷம் எங்களுக்கு அனுப்புறதுதான். சீதா தலைய வாரிப் பூ வச்சிருந்தா.

"றுமைஸா கஞ்சி அனுப்பியிருக்குங்க. பாத்திரத்த வெறும் பாத்திரமா குடுக்க முடியுமா? மொதல் அறுப்பு அவளுக்குத்தான்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன். கொத்தமல்லியும் புதினாவுமா பாத்திரம் நெறைய அடைச்சு இப்பத்தான் குடுத்துட்டு வந்தேன். சம்பல் அரைக்கப் போறாளாம்."

கொத்தமல்லி!

கோவாவுக்குக் கணக்குப் போட்டேன், போஞ்சிக்குக் கணக்குப் போட்டேன். இந்தக் கொத்தமல்லியைக் கணக்குலயே சேர்க்கல பாருங்க. இருவது வருஷமா பாத்திக்கு ஒரு பயிர்னே பார்த்துப் பழகின கண்ணு. நடுவுல நிக்கிறது காவலுக்கு நிக்கிற செடி, அதையும் மனுசன் திம்பான்னு எனக்குத் தோணவே இல்ல. இலை முச்சூடும் நான் அடிச்ச மருந்து. அதைப் பச்சையா அரைச்சு, பகல் முழுக்க வெறும் வயித்தோட இருந்தவங்க மொதல் வாய்க்கு எடுப்பாங்க. அந்த வீட்டுல நோன்பு புடிச்சிருக்கிற ரெண்டு சின்னப் பொம்பளப் புள்ளைங்க வேற.

"நீ தின்னியா? நீ அதுல வாய வச்சியா?"ன்னு கத்தினேன். அவ பயந்துபோயி, "இல்லைங்க, மொதல் அறுப்பு குடுக்காம எப்படி..."ன்னா. மிச்சத்த நான் கேக்கல. படியில நாலு நாலா தாவி எறங்கி ஓடினேன்.

றுமைஸா குசினியில நின்னா. கொத்தமல்லி, புதினா, தேங்காப்பூ, பச்சைமிளகா எல்லாம் கிரைண்டருக்குள்ள போட்டு மூடியை அமுக்கப் போற நேரம்.

"போடாத! அத போடாத தங்கச்சி!"

"என்ன அண்ணன், இப்படி மூச்சு வாங்க ஓடி வாறீங்க?"

வாயில மொதல்ல வந்தது பொய்தான். "பூனை... பூனை ஒண்ணு பாத்தியில அசிங்கம் பண்ணிருச்சு"ன்னேன்.

அவ சிரிச்சுட்டா. "அதுக்கா? அக்கா மூணு தண்ணியில கழுவித்தான் குடுத்தாங்க. நானும் உப்புத் தண்ணியில அலசிட்டேன்."

இந்த மருந்து கழுவினாப் போறதில்ல. அத எனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்குங்க தெரியும்? அவ கை மறுபடி மூடிக்குப் போச்சு. நான் சொல்லிட்டேன். கிளினிக் போன அன்னைக்கு மருந்து அடிச்சத, எதுக்கு அடிச்சேங்கிறத, எல்லாத்தையும். றுமைஸா கிரைண்டர்ல இருந்தத ஒரு பையில கொட்டிக் கட்டினா. கிரைண்டரக் கழுவினா, கையக் கழுவினா, மறுபடியும் கையக் கழுவினா. அப்புறம்தான் திரும்பினா.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா மறுபடி படுத்துருவா தங்கச்சி. ஒங்கையக் காலா நெனைச்சுக் கேக்குறேன்..."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன் அண்ணன். ஆனா அக்கா நாளைக்குக் காலையில மதிலுக்கிட்ட வந்து நிப்பாங்க, சம்பல் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. நோன்ப வச்சுக்கிட்டு நான் பொய் சொல்லுவேனா? நோன்பு இல்லாட்டியும் அவங்ககிட்ட நான் சொல்லுவேனா?" அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "நீங்களே சொல்லுங்க. என் வாயால கேட்டா இன்னும் மோசம்."

அந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருவது அடி தூரம்தான். அன்னைக்கு நுவரெலியாவரைக்கும் நடந்த மாதிரி கால் வலிச்சுச்சு. சீதா பின்பக்கம் தோட்டத்துல நின்னா. நான் கத்திட்டு ஓடினதுலயே ஏதோ விளங்கியிருக்கணும். கொத்தமல்லி அறுத்த அடித்தாளையே பார்த்துக்கிட்டிருந்தா.

"மருந்து அடிச்சீங்களா?"ன்னு அவளே கேட்டா.

"ஆமா."

"எப்ப?"

"நீ கிளினிக் போன அன்னைக்கு."

"அப்ப கொத்தமல்லி ஒண்ணும் செய்யல. எல்லாம் உங்க வேலை"ன்னா. சத்தமே இல்லாம சொன்னா. அவ கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், எனக்கு அதுதான் தெரியும்.

அப்புறம் எல்லாத்தையும் கொட்டிட்டேன். "நீ மறுபடி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டே சீதா. என்னால பார்க்க முடியல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் அந்த மருந்துதான், அதைச் செஞ்சேன். நீ ஒரு சொட்டு படக்கூடாதுன்னு சொன்னது என்னை நெனைச்சுத்தான்னு எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னத நீயும் கேட்டிருப்பே. புள்ளை போனதுக்கு என் கடைதான் காரணம்னு நீ நெனைக்கிறே. நெனைச்சுக்க. அது ஞாயம்தான். என்னை நாலு வார்த்தை ஏசிடு. ஆனா இனிமே படுத்துராத."

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. புரியாத மாதிரி பார்த்தா.

"உங்களையா? உங்களை நான் எப்ப அப்படி நெனைச்சேன்?"

"பின்ன?"

"கீழ வராத, மேலயே இரு, மருந்து வாசம் ஆகாதுன்னு நீங்க எத்தனை தரம் சொன்னீங்க? ஒரு நாளாவது கேட்டேனா நான்? மேல தனியா என்ன செய்யிறதுன்னு, வயித்தத் தள்ளிக்கிட்டு தெனமும் எறங்கி வந்து கல்லாவுல உக்காந்தேன். போத்தல் அடுக்கினேன். பை கிழிஞ்சு கெடந்தத கையால அள்ளினேன்." கைய விரிச்சுக் காட்டினா. "டாக்டர் சொன்னத நான் கேட்டேன்ங்க. கேட்டதுல இருந்து, நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்னு இதே நெனைப்பு. ஒரு உயிரையாவது மருந்து படாம வளர்த்துக் காட்டணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் இந்தத் தோட்டம். உங்களைக் குத்திக் காட்டவா நான் பனியில நின்னு கொத்தினேன்?"

சொன்னேங்க, வராத வராதன்னு நான் சொன்னது நெசம்தான். ஆனா அவ கல்லாவுல உக்காந்தா எனக்கு அது சந்தோசமாவும் இருந்துச்சே. ஒரு நாளாவது கையப் புடிச்சு மேல கூட்டிப்போய் விட்டேனா? அத அவகிட்ட சொன்னேன். அந்தச் செவுத்துப் பக்கமே பார்த்துக்கிட்டு அவ என்ன நெனைச்சுக்கிட்டு கெடந்தான்னு தெரியாமலே ஏழு மாசம் பக்கத்துல படுத்திருந்திருக்கேன், எவ்வளவு பெரிய முட்டாள்னு சொன்னேன். "உன் மேல தப்பு இல்ல சீதா. டாக்டருக்கே தெரியாதத நீ எப்படித் தீர்ப்பு சொல்லிக்கிட்டே?"ன்னேன். பாத்தி வரப்புலயே உக்காந்து அழுதேன். அவளும் வந்து உக்காந்தா. பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிச்சு, றுமைஸா வீட்டுல நோன்பு தொறக்குற சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு. நாங்க எழும்பல.

ரொம்ப நேரம் கழிச்சு, மூக்க உறிஞ்சிக்கிட்டு, "நான் அவளுக்கு ஒரு பேர் வச்சிருந்தேன். யாருக்கும் சொன்னதில்ல. கேக்குறீங்களா?"ன்னா.

"சொல்லு"ன்னேன்.

சொன்னா. நான் அத ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சீதா, "இன்னொருதரம் சொல்லுங்க"ன்னு கேட்டா. இன்னொருதரம் சொன்னேன். அந்தப் பேரை மட்டும் நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேங்க. கோவிச்சுக்காதீங்க, அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்.